புதன்கிழமை மக்கரோனி

வேலணையில் அவரை மலாயன் அப்புத்துரை என்றுதான் சொல்வார்கள். சிரம்பானில் புகையிரதக் கந்தோரில் இருபது வருஷம் கிளாக்கராக இருந்துவிட்டு, பென்சனோடு ஊர் திரும்பி இரண்டு வருஷமாகியிருந்தது. வரும்போது ஒரு கிராமபோனையும், மேசை விளிம்பில் திருகிப் பூட்டுகிற இறைச்சி அரைக்கும் மெசின் ஒன்றையும் கொண்டுவந்தார். கிராமபோன் ஆறு மாதத்தில் பழுதாகிவிட்டது. மெசின் பழுதாகவில்லை. அவருடைய மனைவி இராசேஸ்வரிக்கு அதுதான் கவலை.

அவள் சுத்த சைவ வீட்டுப் பிள்ளை. தாய் வீட்டில் கருவாட்டு மணம் வாசல் படலையைத் தாண்டி வந்ததில்லை. பதினெட்டு வயதில் கலியாணம் முடித்து, முப்பத்தெட்டு வயது வரைக்கும் புருஷனைக் கடிதத்திலும் மூன்று லீவுகளிலும் மட்டும் கண்டவள். பிள்ளை இல்லை. அவர் நிரந்தரமாக வந்து சேர்ந்த முதற்கிழமையே, "எனக்கு மச்சம் இல்லாமல் ஏலாது" என்று சொல்லிவிட்டார். குசினிக்குள் மீனோ இறைச்சியோ எடுக்க அவள் சம்மதிக்கவில்லை. வீட்டின் பின்புறம் கிடுகால் ஒரு பத்தி இறக்கி, அதற்குள் தனி அடுப்பு, தனிச் சட்டி, ஒரு பழைய மேசை என்று வைத்தார்கள். பத்திக்குள் போக ஒரு பழஞ்சேலை. வெளியே வந்ததும் நேரே கிணற்றடி. அருவருப்பெல்லாம் போகப்போகப் பழகிவிடும் என்று அயலட்டைப் பெண்கள் சொன்னார்கள். அவளுக்கு அது பழகவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்யத்தான் பழகிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை. பின்னேரம் நாலு மணியிருக்கும். அப்புத்துரை ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். பூவரசம் இலையில் சுற்றிய பொதி ஒன்று சைக்கிளில் தொங்கியது. அடியிலிருந்து சொட்டிய இரத்தம் சில்லுக் கம்பியெல்லாம் தெறித்துக் காய்ந்திருந்தது.

"இஞ்சை பாரும், இண்டைக்கு ராச்சாப்பாட்டுக்கு அரியநாயகத்தார் வாறார். மக்கரோனி செய்வம்."

அவள் திகைத்துப்போனாள். அரியநாயகத்தார் ஊர்க் கோயிலின் தர்மகர்த்தா. போன வருஷம் திருவிழாவில் ஒரு நாள் உபயம் தனக்கு வேண்டும் என்று அப்புத்துரை கேட்டபோது, கோயில் வீதியில் நாலு பேர் நிற்க, "கடல் கடந்து போய்க் கண்டதெல்லாம் திண்ட வாய். அந்த வாயாலை சங்கற்பம் சொல்ல விடேலாது" என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதர். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"அவர் எங்கடை வீட்டிலை கை நனைப்பாரோ?"

"ஏன் நனையார்? கோயில் ஒழுங்கைப் பாதை விசயமாய் அரசாங்க ஏசண்டுத் துரைக்கு இங்கிலீசிலை பெட்டிசம் எழுதோணுமாம். என்னை விட்டால் ஆர் இருக்கினம்? ஆளும் ஆட்டிறைச்சி தின்னுற ஆள்தானே. புதன்கிழமை அவருக்கு விரதமும் இல்லை." பொதியை மேசையில் வைத்தார். "நல்ல கிடாய். கெதியாய்ச் செய்யலாம், அரை மணித்தியால வேலை. சிரம்பானிலை எங்கடை சீனக் குசினிக்காரன், நான் சப்பாத்துக் கழட்டி முடிக்க முன்னம் மேசையிலை கொண்டந்து வைச்சிடுவான்."

அவர் ஏதோ இங்கிலீசுப் பாட்டொன்றைச் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் கண்டு கனநாளாகியிருந்தது.

பழஞ்சேலையைச் சுற்றிக்கொண்டு பத்திக்குள் போய்ப் பொதியை அவிழ்த்தாள். இறைச்சி கருஞ்சிவப்பாக இருந்தது. நார் தடித்திருந்தது. ஆட்டுக் கொழுப்பு வெள்ளையாக, விரலில் மெழுகு மாதிரிப் பிடிக்கும். இரண்டு வருஷமாகப் பிடித்துப் பிடித்து அவளுக்கு அது தெரியும். இது மஞ்சள். பழைய நெய்யைப் போன்ற மஞ்சள். அவள் கை ஒரு கணம் நின்றது. அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் அவர் வந்து நின்று கதை சொல்வார், வேலை பிந்தும், இந்த மணத்துக்குள் இன்னும் அரை மணி நேரம் நிற்கவேண்டி வரும். கிழட்டுக் கிடாயாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துண்டங்களை மெசினின் வாய்க்குள் திணித்தாள்.

கைபிடியைச் சுற்றச் சுற்ற, முன்பக்கத் துளைகளால் இறைச்சி சிவப்புப் புழுக்களாக நெளிந்து நெளிந்து வந்து தட்டில் விழுந்தது. நடுவில் ஒரு சவ்வு சிக்கியது. மெசினைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு அதை இழுத்தெடுத்தபோது அது நீண்டு, அறுந்து, அவள் மணிக்கட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் அரைத்து முடித்தாள்.

அதன் பிறகு எல்லாம் கெதியில் நடந்தன. சட்டியில் டின் பட்டரை உருகவிட்டு, வெங்காயமும் உள்ளியும் வதக்கி, அரைத்ததை அதில் கொட்டினாள். மற்ற அடுப்பில் தண்ணீர் கொதித்தது. யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்கிய மக்கரோனியைப் போட்டதும் அந்த வெள்ளைக் குழாய்கள் ஊதிப் பருத்தன. தண்ணீர் வழுவழுவென்று கஞ்சிபோலாயிற்று. இறைச்சி நிறம் மாறி, அது விட்ட தண்ணீரில் சாம்பல் நிற நுரை மிதந்தது. தக்காளிப்பழத்தை நசித்துப் போட்டு, மிளகுதூளும் உப்பும் தூவி, வடித்த மக்கரோனியை அதற்குள் கவிழ்த்துக் கிளறினாள். கடைசியில், டின்னில் வந்த சீஸைச் சீவிப் போடச் சொல்லி அப்புத்துரை வாசலில் நின்று கட்டளையிட்டார். பால் குடித்த குழந்தை கக்கிய துணியின் மணம் அதற்கு. அவர் சொன்னபடியே அரை மணித்தியாலம்தான் எடுத்தது. கிணற்றடியில் சீயக்காய் போட்டுக் கைகளைத் தேய்த்தது அதைவிடக் கூட நேரம்.

விளக்கேற்றும் நேரத்துக்கு அரியநாயகத்தார் வந்தார். நெற்றி நிறைய விபூதி, தோளில் சால்வை. பெட்டிசத்தை அப்புத்துரை எழுதி வாசித்துக் காட்டினார். அர்த்தம் விளங்காவிட்டாலும் அரியநாயகத்தார் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். பிறகு இருவரும் மேசைக்கு வந்தார்கள்.

"இதென்ன தம்பி, குழல் குழலாய்க் கிடக்கு?"

"இத்தாலிக்காரன்ரை சாப்பாடு. மாவிலை செய்யுறது. ஆட்டிறைச்சியோடை பிரட்டியிருக்கு. சாப்பிட்டுப் பாருங்கோ."

கரண்டி அவருக்குச் சரிவரவில்லை. கையால் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். பிறகு சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஒவ்வொரு குழாயையும் உதட்டில் வைத்து உறிஞ்சி, உள்ளே புகுந்திருந்த கொழுப்பு வாய்க்குள் போகிற சத்தம் கேட்கச் சாப்பிட்டார். சீஸ் நூலாக இழுபட்டு மீசையில் தொங்கியது. வேர்வையில் விபூதி கரைந்து புருவத்தில் இறங்கியது.

"பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடும். ஆடெண்டால் இது ஆடு!"

இராசேஸ்வரி போட்டாள். பார்க்கச் சகிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே போட்டாள். அப்புத்துரை தன் கோப்பையில் கைவைக்கவேயில்லை. கதிரையில் சாய்ந்து, அந்த மனிதர் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டை ஏறி இறங்கும்போதெல்லாம் இவருடைய தொண்டையும் ஏறி இறங்கியது.

தர்மகர்த்தா விரல்களைச் சூப்பி, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு படலையைத் தாண்டிப் போகும்வரை அப்புத்துரை சிரிப்பை அடக்கி வைத்திருந்தார். பிறகு கதிரையில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்.

"மாடு! மாட்டிறைச்சி! கண்டது திண்ட வாயாம்! இப்ப ஆரின்ரை வாய் திண்டது? மூண்டு தரம் கேட்டு வாங்கித் திண்டது!"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, யாருடைய கைகளோ என்பதுபோல் பார்த்தாள். வீட்டில் அவள் தாய் விட்டுப்போன பசு ஒன்று நின்றது. விடியற்காலையில் அதன் மடியைக் கழுவிப் பால் கறந்ததும் இந்தக் கைகள்தான். பின்வளவுக்கு ஓடினாள். சத்தியெடுத்தாள். வயிற்றில் ஒன்றும் மிஞ்சாத பிறகும் ஓங்காளம் நிற்கவில்லை.

கிணற்றில் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினாள். புருஷனை நினைத்தால் அருவருப்பாக இருந்தது. அந்த மனிதர் உறிஞ்சிய சத்தத்தை நினைத்தாலும் அப்படித்தான். ஆனால் எந்தத் தண்ணீராலும் போகாமல் நின்றது ஒன்று: அந்த மஞ்சள் கொழுப்பு. அவள் கண்டாள். கண்டும் கேட்கவில்லை. சோம்பலும் மணமும் அவளை மடக்கிவிட்டன. அதை ஆரிடம் போய்ச் சொல்வது?

அடுத்தநாள் காலையில் அப்புத்துரை சந்தைக்குப் போய், ஆட்கள் கூடி நின்ற இடத்தில் வாய் திறந்து சொல்லிவிட்டார். வெயில் ஏறமுன்னரே கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. திருவிழாக் கொடியேற இன்னும் ஒன்பது நாள்தான். மாட்டிறைச்சி தின்ற தர்மகர்த்தா கோயில் வாசல் மிதிக்கலாமா என்று ஒரு பகுதி. மலாயன் புளுகுகிறான் என்று இன்னொரு பகுதி.

பின்னேரம் அவர்கள் வீட்டு முற்றத்தில் இருபது பேர் வந்து நின்றார்கள். முன்னால் சரவணமுத்து வாத்தியார். ஊரில் வழக்குத் தீர்ப்பதென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பக்கத்தில் அரியநாயகத்தார். ஒரே நாளில் கன்னம் உள்ளே போய்விட்டது. கதை காதில் விழுந்ததிலிருந்து பகல் முழுக்கச் சத்தியெடுத்திருக்கிறார் என்பது பார்க்கவே தெரிந்தது. ஒரு பக்கமாக, மீன்கடகத்தை இடுப்பில் வைத்தபடி றோசம்மா. நாரந்தனையிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் மீன் கொண்டுவரும் கத்தோலிக்கப் பெண். அப்புத்துரைதான் அவளை மறித்துக் கூட்டிவந்திருந்தார். அவர் இறைச்சி வாங்கியபோது அவளும் அந்த இடத்தில் நின்றாளாம்.

"பிள்ளை," என்று வாத்தியார் தொடங்கினார், "புருஷனுக்கு மாறாய்க் கதைக்கச் சொல்லி நாங்கள் வரேல்லை. உள்ளதைச் சொல்லும். நேற்றுச் சமைச்சது என்ன இறைச்சி?"

அப்புத்துரை வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி, சேவற்சண்டை பார்க்க வந்தவர் மாதிரி நின்றார். "சொல்லும், பயப்படாதையும். நீர்தானே அரைச்சனீர்."

நீர்தானே அரைச்சனீர். அந்தச் சொல் அவளைச் சுட்டது. அரியநாயகத்தார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மாட்டுக்காரனின் கையில் தடியைக் கண்ட நாயின் பார்வை. அந்த மனிதரிடமும் அவளுக்கு ஒரு பொட்டு இரக்கம் இல்லை. தாய் செத்த வருஷம் மோட்ச அருச்சனைக்குப் போனபோது, புருஷன் பக்கத்தில் இல்லாத பெண் என்று அவளை வாசலில் ஒரு மணி நேரம் காக்க வைத்தவர் அவர். இந்த இரண்டு பேரில் ஒருவருக்காகவும் வாய் திறக்க அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் புருஷன் தொடங்கிய காரியத்தை அவளுடைய கையைக் கொண்டுதான் செய்தார். இனி அவளுடைய வாயைக் கொண்டு முடிக்கப் பார்க்கிறார். அதற்கு மட்டும் அவள் விடமாட்டாள்.

"ஆட்டிறைச்சி," என்றாள்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்லுறீர்?" அப்புத்துரையின் குரல் கிறீச்சிட்டது.

"ஆட்டிறைச்சி. கிடாய். நான்தான் கழுவினனான், நான்தான் அரைச்சனான், நான்தான் காய்ச்சினனான். ரெண்டு வருஷமாய் இந்த வீட்டிலை அதைத்தானே அளையுறன். எனக்குத் தெரியாதோ?"

"பொய் சொல்லுறாள்! றோசம்மாவைக் கேளுங்கோ. நான் வாங்கேக்கை இவள் பக்கத்திலை நிண்டவள்!"

வாத்தியார் றோசம்மாவின் பக்கம் திரும்பினார். அவள் அப்புத்துரையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இராசேஸ்வரியைப் பார்த்தாள். கடகத்தை இடுப்பில் சரிசெய்தாள்.

"ஓம், நான் நிண்டனான். ஐயா வாங்கினது ஆடு. மாடு வாங்கினது நான், என்ரை வீட்டுக்கு."

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "மலாயன்ரை புளுகு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்புத்துரை கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். கத்தக் கத்தச் சிரிப்புக் கூடிற்று. ஒரு கிழவர் மட்டும், இவள் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வாளோ என்று கேட்டார். இராசேஸ்வரி பதில் சொல்ல வாயெடுக்க முன்னர் அரியநாயகத்தார் முந்திக்கொண்டார்.

"சீச்சீ, ஒரு பெண்பிள்ளையைச் சத்தியம் செய்யக் கேக்கிறதோ? பிள்ளையின்ரை சொல் காணும். வாருங்கோ போவம்."

அவருக்கு உண்மை தெரியும். சாப்பிடும்போது பிடிபடாத ருசி, கதையைக் கேட்டதும் நாக்குக்கு விளங்கியிருக்கும். தெரிந்துகொண்டே அவள் பொய்யைச் சால்வை மாதிரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். படலையடியில் திரும்பி அவளைப் பார்த்துத் தலையை இலேசாகச் சாய்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்கள் கலைந்த பிறகு றோசம்மா கிணற்றடிக்கு வந்து கால் கழுவினாள்.

"றோசம்மா, நீ ஏன் எனக்காகப் பொய் சொன்னனீ?"

"உமக்காக இல்லை, பிள்ளை." அவள் நிமிரவில்லை. "அந்த மனிசன் இறைச்சி வாங்கேக்கை, 'உங்கடை வீட்டுக்கோ ஐயா?' எண்டு கேட்டனான். 'இல்லை, ஒரு நாய்க்கு' எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சார். நான் அதே மாட்டிலைதான் என்ரை பிள்ளைகளுக்கு ரெண்டு றாத்தல் கட்டிக்கொண்டு நிக்கிறன். பெருநாளுக்கும் நல்ல ஞாயிற்றுக்கிழமைக்கும் நாங்கள் சமைக்கிற சாப்பாடு அது. அதை ஒருத்தனுக்குப் பீயை வாயிலை தீத்தினமாதிரித் தீத்திப்போட்டு, என்னைச் சாட்சிக்கும் கூப்பிட்டால்?" காறித் துப்பினாள். "நீரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதானே நிண்டிருப்பீர்."

றோசம்மா கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாள் அப்புத்துரை பேசவில்லை. சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். அவள் பத்தியின் கிடுகுகளைப் பிடுங்கி எறிந்தாள். "மச்சம் வேணுமெண்டால் கடையிலை தின்னுங்கோ. என்ரை கை இனி அதைத் தொடாது," என்றாள். அவர் அடிக்கக் கை ஓங்கினார். அவள் விலகவில்லை. ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கிற்று.

நாலாம் நாள் அரியநாயகத்தார் ஆள் அனுப்பினார். திருவிழாவில் ஒன்பதாம் நாள் உபயத்தை அப்புத்துரைக்குக் கொடுப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பிள்ளையின் நல்ல குணத்துக்காகவாம். அவள் பொய்க்கு அவர் கொடுத்த கூலி அது. அதைப் புருஷன் வேண்டாமென்று மறுப்பார் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். அவர் அன்று பின்னேரமே சைக்கிள் எடுத்து யாழ்ப்பாணம் போய்ப் பட்டு வேட்டி வாங்கிவந்தார். அவரும் தர்மகர்த்தாவும் கோயில் வீதியில் தோளோடு தோள் நின்று, பந்தலுக்கு வாழை எங்கே கட்டுவது என்று கதைத்ததாகவும் சிரித்ததாகவும் அயலட்டைப் பெண்கள் வந்து சொன்னார்கள். "உன்னாலைதான் ரெண்டு பேரும் ஒண்டானவை," என்றார்கள். மாட்டிறைச்சியை உண்ணாத அந்தப் பெண்களுக்கு நடுவில், தான் மட்டும் எதையோ விழுங்கிவிட்டவள்போல இராசேஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்புத்துரை பட்டுடுத்திக்கொண்டு விடியவே போய்விட்டார். அவளும் குளித்து, சேலை மாற்றி வெளிக்கிட்டாள். மேளச்சத்தம் கேட்ட பக்கம் திரும்பாமல் நாரந்தனை வீதியால் நடந்தாள். மூன்று கட்டை தூரம். வெயில் சுள்ளென்று அடித்தது.

றோசம்மாவின் வீடு வேதக் கோயிலுக்குப் பின்னால், பனைகளுக்குள் இருந்தது. பூசை முடிந்து வந்த சேலையோடேயே அவள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இராசேஸ்வரியைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்ன பிள்ளை, உங்கடை திருவிழா இண்டைக்கெல்லோ?"

"அது அவையின்ரை திருவிழா." சற்று நின்று, "நீ அண்டைக்குச் சொன்னது சரி, றோசம்மா. நான் மூக்கைப் பொத்தினதுதான். அதைச் சொல்லத்தான் வந்தனான்," என்றாள்.

றோசம்மா ஒரு கதிரையை இழுத்து நிழலில் போட்டாள். உள்ளே போய், இவள் தன் வீட்டில் வாய் நனைப்பாளோ என்று யோசித்திருப்பாள் போலும், பிந்தித்தான் வந்தாள். கையில் ஒரு கிண்ணம் பிளேன்ரீ, பனங்கட்டித் துண்டு ஒன்று.

"குடிப்பீரோ?"

அடுப்பில் மாட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மணம் காற்றோடு வந்து முகத்தில் அடித்தது. இராசேஸ்வரி மூக்குப் பக்கம் போன கையைப் பாதியில் நிறுத்தி, அந்தக் கையாலேயே கிண்ணத்தை வாங்கினாள். கண்ணை மூடாமல் ஒரு மிடறு குடித்தாள். பிறகு மற்ற மிடறு.

"சீனி இல்லை," என்றாள் றோசம்மா. "பனங்கட்டியைக் கடிச்சுக் குடியும்."